மூன்று போத்தல் கிணற்றுத் தண்ணீர்

என் அக்காவை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவள் கம்பஸில் சுற்றாடல் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தாள். அதைப் படித்தவர்களுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கல்முனையில் எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கும் தெரியாது. வாப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் ஆசிரியர் வேலையும் வங்கி வேலையும்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் கேட்கும்போதெல்லாம் ராத்தா ஒவ்வொரு வேலையாகச் சொல்வாள். கடல் வருடத்துக்கு எவ்வளவு கரையைத் தின்கிறது என்று ஒருவர் அளக்க வேண்டுமாம். ஊர்க் குப்பையை எங்கே கொட்டலாம் என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டுமாம். நாவிதன்வெளி வாய்க்காலில் வயலுக்குப் போட்ட பசளை எவ்வளவு கரைந்து வருகிறது என்று பார்க்கவும் ஆள் வேண்டுமாம். இதற்கெல்லாம் சம்பளம் கொடுப்பார்களா என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

அந்த வருடம் நிந்தவூரிலிருந்து ராத்தாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் கேட்டதும் அதையேதான்.

"இதப் படிச்சா என்ன வேல கிடைக்கும் மகள்?"

ராத்தா வாய் திறப்பதற்குள் உம்மா பேச்சை மாற்றி, வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்தார். பேரனுக்குத்தான் அடிக்கடி வயிற்றோட்டம், எந்த மருந்துக்கும் நிற்கவில்லை என்றார் அந்த மாமி. அதுவரை தலைகுனிந்திருந்த ராத்தா நிமிர்ந்தாள்.

"மாமி, உங்கட கிணத்துக்கும் கக்கூஸ் குழிக்கும் எத்தின அடி இருக்கும்?"

வட்டிலப்பத் தட்டோடு உம்மா அப்படியே நின்றுவிட்டார். வாப்பா முற்றத்தைப் பார்த்தார். மாப்பிள்ளைதான் கொஞ்சம் யோசித்து, இருபது அடி வரும் என்றார்.

அவர்கள் போனதும் உம்மா அழுதார். சம்பந்தம் முறிந்துவிட்டதென்றே நினைத்தோம். ஆனால் மறுநாள் காலை மாப்பிள்ளை வந்து, அந்தத் தண்ணீரைச் சோதிக்க முடியுமா என்று வாப்பாவிடம் கேட்டார். ராத்தா ஒரு வெறும் போத்தலைக் கிருமி போக அவித்து, அவரிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தாள். கம்பஸில் சோதித்தபோது தண்ணீரில் மலக்கிருமி இருந்தது. கொதிக்கவைத்துக் குடிக்கத் தொடங்கியதும் பேரன் தேறிவிட்டான். இந்தப் படிப்புக்கு ஊரில் வேலை நிறையக் கிடக்கிறது என்று மாமியே வாப்பாவுக்கு போன் எடுத்துச் சொன்னார்.

அடுத்த கிழமை மாப்பிள்ளை இன்னும் மூன்று போத்தல் வாங்கிப்போய் நிரப்பிக்கொண்டு வந்தார். மூன்றும் பக்கத்து வீட்டுக் கிணறுகள் என்றார். சோதித்துவிட்டு வந்த ராத்தா தாளை என்னிடம் காட்டினாள். மூன்றிலும் உப்பு, கிருமி எல்லாம் முதல் போத்தலில் இருந்த அதே அளவு.

"மூண்டும் அவங்கட கிணறுதான். உம்மாட்டச் சொல்லாத."

பொய் சொன்னவர்மீது அவளுக்கு ஏன் கோபம் வரவில்லை என்று எனக்குப் பிடிபடவில்லை. அதைவிடப் பிடிபடாதது, அவள் உடனேயே குசினிக்குப் போய் இன்னும் நான்கு போத்தல்களை அவிக்கப் போட்டதுதான்.