ஐந்திலிருந்து கடைசி மூன்று வரை

அன்னத்துக்குக் கழுத்தே இல்லை. தலை மேலே தனியாக மிதந்தது. உடம்பு கீழே கிடந்தது. நடுவில் வெற்றுத்தாள். ஓரிக்கைக்காரி அந்த நீளத் தாளை எங்கள் வீட்டுக் கூடத்தில், தறிக்கும் சுவருக்கும் இடையில் கிடைத்த இடத்தில் விரித்துப்போட்டு, "பாருடி, உன் அன்னத்தை மெஷின் கொன்னுடுச்சு" என்றாள்.

தறியில் இருந்த அப்பா ஊடை இழை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்த்தார். "இன்னாமா இது, தலை வேற முண்டம் வேறயா இருக்குது?"

எழுபதுகளின் தொடக்கம். நானும் அவளும் காஞ்சிபுரத்தில் ஒரே வகுப்பில் கணிதம் படித்து முடித்திருந்தோம். அவள் ஓரிக்கையில் பயிர்வைக்கும் குடும்பத்துப் பெண். கல்லூரியில் எல்லாரும் அவளை ஊர்ப் பெயரிட்டே கூப்பிட்டதால் எனக்கும் அவள் ஓரிக்கைக்காரிதான். பட்டம் வாங்கியதும் மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்து, பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டாள். நான் பிள்ளையார்பாளையத்திலேயே இருந்தேன். எங்கள் தெருத் தறிகளுக்கு டிசைன் வரைவது என் வேலை. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு வரியிலும் எந்தெந்தக் கட்டத்தில் ஜரிகை தெரிய வேண்டுமோ அதை நிரப்ப வேண்டும். அதைப் பார்த்து ஐயம்பேட்டையில் ஒருவர் அட்டையில் துளை போட்டுக் கொடுப்பார். அந்த அட்டைகள்தான் தறியின் மேலே ஏறி இழைகளைத் தூக்கும்.

கட்டங்களை நிரப்பிப் பார்ப்பதற்குள் கண் வலித்துவிடும். அதனால் எனக்கென்று ஒரு சுருக்கெழுத்து வைத்திருந்தேன். 12-20 என்று எழுதினால் பன்னிரண்டாம் கட்டம் முதல் இருபதாம் கட்டம் வரை நிரப்பு. 12-20-2 என்றால் ஒன்றுவிட்டு ஒன்று. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் கடைசியிலிருந்து எண்ணு. -3 என்றால் கடைசியிலிருந்து மூன்றாவது. வலது பக்கக் கரைக்கு அது ரொம்ப வசதி. ஒரு முழு அன்னத்தை அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம்.

ஓரிக்கைக்காரிக்கு இது தெரியும். அவளுடைய அதிகாரி, மெஷின் சும்மா இருக்கும் நேரத்தில் பழகுவதற்காகச் சொந்தமாக ஏதாவது புரோகிராம் எழுதச் சொல்லியிருந்தார். மற்றவர்கள் பகா எண்களைத் தேடிக்கொண்டிருக்க, இவள் என் சுருக்கெழுத்தை எடுத்துக்கொண்டாள். எழுதியதை மெஷின் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்; எது எண், எது குறி என்று பிரித்து அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டும்; பிறகு கட்டங்களை நிரப்பிப் படமாக அச்சடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்துவிடுவாள். தன் வீட்டுக்குப் போகும் முன் எங்கள் வீடு.

கழுத்து ஏன் காணாமல்போனது என்று அன்று மத்தியானம் முழுக்கத் தேடினோம். கழுத்துள்ள வரிகளில் எல்லாம் நான் 5--3 என்று எழுதியிருந்தேன். ஐந்திலிருந்து கடைசி மூன்று வரை. இரண்டு கழித்தல் குறிகளில் முதலாவது 'வரை', இரண்டாவது 'கடைசியிலிருந்து'. எனக்கு அதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. மெஷினோ ஒரு குறியைப் படித்துவிட்டு, அதேபோல் இன்னொன்று வந்ததும் அதை விழுங்கிவிட்டது. ஐந்திலிருந்து மூன்று வரை என்று எடுத்துக்கொண்டு, முடிவு தொடக்கத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டதால் அந்த வரிகளைக் காலியாக விட்டுவிட்டது.

"ஒரே குறிக்கு ரெண்டு வேலை குடுத்தா அது இன்னா பண்ணும்?" என்றாள்.

"நான் படிச்சா புரியுதே."

"உன் தலையை மெஷின்ல வெக்க முடியாதுடி."

'வரை'க்கு வேறு குறி வைக்கலாம் என்று முடிவானது. அவள் காற்புள்ளி என்றாள். அது அடுத்த துண்டைப் பிரிக்கத் தேவைப்படும் என்றேன். கடைசியில் முக்காற்புள்ளி. 5:-3. எழுதிப் பார்த்ததும் இருவருக்கும் பிடித்துவிட்டது.

அடுத்த சண்டை இன்னும் பெரியது. 12:20 என்றால் எத்தனை கட்டம் என்று கேட்டால் ஒன்பது. ஆனால் கழித்தால் எட்டு வரும். புரோகிராமில் எங்கெல்லாம் கழிக்கிறாளோ அங்கெல்லாம் ஒன்றைக் கூட்ட வேண்டும். பாதி இடத்தில் மறந்துவிடுவாள். அன்னத்தின் அலகு ஒரு கட்டம் குறுகும், வால் ஒரு கட்டம் நீளும். இரண்டு மூன்று வாரம் இதோடு மல்லுக்கட்டினோம்.

ஒருநாள் கட்டத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அது தோன்றியது. கட்டங்களுக்கு ஏன் எண் கொடுக்க வேண்டும்? கட்டங்களுக்கு நடுவே ஓடும் கோடுகளுக்குக் கொடுத்தால் என்ன? இடது ஓரக் கோடு பூஜ்யம். 12:20 என்றால் பன்னிரண்டாம் கோட்டுக்கும் இருபதாம் கோட்டுக்கும் இடையில் உள்ளதெல்லாம். கழித்தால் வருவதுதான் எண்ணிக்கை. அடுத்த துண்டு அதே இருபதில் தொடங்கலாம். நடுவில் இடைவெளியும் விழாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் செய்யாது.

அவள் தாளில் கோடுகளை எண்ணிப் பார்த்தாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நீ ஏன்டி இங்க உக்காந்துக்கினு இருக்கே?" என்றாள்.

அதற்கடுத்த வாரம் அன்னம் முழுசாக வந்தது. அப்பா அதைத் தறிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவைத்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு எழுதினத மெட்ராஸ்ல மெஷினு படிச்சிக்கினு இருக்குது" என்பார்.

அந்தப் படத்தை அவளுடைய அதிகாரியும் பார்த்திருக்கிறார். விதிகள் யாருடையவை என்று கேட்டிருக்கிறார். அவர்களிடம் ஓர் இடம் காலியாக இருந்தது. என்னை வரச் சொன்னார்.

அப்பாவும் நானும் காலை பஸ்ஸில் போனோம். மெஷின் இருந்த அறை குளிர்ந்துகிடந்தது. தரையில் செருப்புத் தடம்கூடத் தெரியாத சுத்தம். அதிகாரி நல்ல மனிதர். இங்கிலீஷில் ஆரம்பித்து, நான் தடுமாறுவதைக் கண்டதும் தமிழுக்கு மாறினார். கோடுகளை எண்ணும் யோசனையை விளக்கச் சொன்னார், விளக்கினேன். அடுத்த மாதத்திலிருந்து வந்துவிடுங்கள் என்றார். அப்பாவுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லி, காபியும் வரவழைத்தார்.

அந்த இடத்துக்கு நான் மட்டும் பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் வேகமாக ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என்னைக் கவனிக்கக்கூட இல்லை. எங்கள் தெருவில் நான் நடந்தால் டிசைன்காரப் பொண்ணு போகிறாள் என்பார்கள். இங்கே முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

திரும்பும்போது அப்பா பஸ்ஸில் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பூந்தமல்லி தாண்டியதும், "போறியாமா?" என்று கேட்டார்.

"நீ இன்னாப்பா சொல்றே?"

"நான் இன்னா சொல்றது. உனக்குப் புடிச்சிருந்தா போ. கரைக்கு டிசைனு வேற யாரையாச்சும் வெச்சி வரைஞ்சிக்கலாம். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் அழுது அடம்பிடித்துப் போயிருப்பேனோ என்னவோ. வீட்டில் அம்மாவும் விடுதிச் சாப்பாட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். ஒருவரும் தடுக்கவில்லை. நான்தான், கையிலிருக்கும் முகூர்த்த டிசைன்களை முடித்துவிட்டுத் தை மாதத்தில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தை வந்தபோது பங்குனி என்றேன். அதற்குள் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓரிக்கைக்காரி வந்தாள். உட்காரவில்லை.

"உங்கப்பா தடுத்தாரா?"

"இல்ல."

"அம்மா?"

"இல்லடி."

"யாராச்சும் தடுத்திருந்தா அவங்கள புடிச்சி சண்டை போட்டிருப்பேன். உன்கிட்ட எப்படிடி சண்டை போடறது?"

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கலங்கவில்லை. பெரிய பாரம் இறங்கியது போலத்தான் அன்று இருந்தது. நிம்மதி என்று நான் நினைத்த அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. அதன் பிறகு கட்டத்தாளை விரிக்கும்போதெல்லாம், இந்த வரியை மெஷின் எப்படிப் படிக்கும் என்றுதான் மனம் போகும். கேட்க ஆளில்லை. அவள் வருவது மெல்லக் குறைந்து நின்றுபோனது. எனக்கு உள்ளூரிலேயே கல்யாணம் ஆயிற்று. இரண்டு தெரு தள்ளித்தான் புகுந்த வீடு. வீட்டுக்காரரும் தறிக்காரர்தான், நல்லவர். நான் வரைவதை ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை.

சில வருஷம் கழித்து, என் மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றாள் ஓரிக்கைக்காரி. பம்பாய்க்கு மாற்றலாகிப் போகிறாளாம். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டாள், காபி குடித்தாள், என் மாமியாரிடம் ஊர்க்கதை பேசினாள். பிறகு அடுக்களைக்கு வந்து, மெதுவான குரலில், "நம்ம புரோகிராம் இன்னும் ஓடிக்கினு இருக்குது, தெரியுமா?" என்றாள்.

அன்னம் படம் இல்லையாம். எண் அட்டவணைகளிலிருந்து வேண்டிய துண்டை மட்டும் எடுக்க, அந்தப் படிக்கும் பகுதியை எல்லாரும் வாங்கிப் பயன்படுத்துகிறார்களாம். முக்காற்புள்ளி, கோடுகளை எண்ணுவது, எல்லாம் அப்படியே. சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"புதுசா வந்த பையன் ஒருத்தன் கேட்டான். மூணாவது எண்ணும் கழித்தல்ல வந்தா இன்னா அர்த்தம்னு. ஒண்ணுவிட்டு ஒண்ணு, ஆனா பின்பக்கமா. எனக்குச் சொல்லத் தெரியல. நீ சொல்லு."

எத்தனையோ நாளாகத் திறக்காத கதவு உள்ளே திறந்த மாதிரி இருந்தது. யோசிக்காமலே சொன்னேன். "தலைகீழா படிச்சா போதும்டி. அதே கட்டங்கதான், எதிர் வரிசையில வரும். வலப்பக்கக் கரையில திரும்பி நிக்கிற அன்னம் மாதிரி."

"அவ்ளோதானா?" என்று சிரித்தாள். பழைய சிரிப்பு. என் தோளில் கைவைத்து ஒரு நிமிஷம் நின்றாள். குழந்தை அழுதது, நான் தூக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். ரிக்‌ஷா தெருமுனை திரும்பும் வரை கையாட்டினேன்.

சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தபோதுதான் தவறு புரிந்தது. எட்டுக் கட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இடமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று எடுக்கும்போது ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. வலமிருந்து எடுத்தால் எட்டு, ஆறு, நான்கு, இரண்டு. ஒன்றுகூட அதே கட்டமில்லை. நான் சொன்னபடி அவள் எழுதினால் தப்பான துண்டுதான் வரும். எங்கிருந்து கிளம்புகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். அதற்கும் ஒரு விதி வேண்டும். என்ன விதி என்றும் தெரிந்துவிட்டது. தொடங்கும் கோட்டிலிருந்து போகிற திசையில் முதலில் வரும் கட்டத்தில்தான் கிளம்ப வேண்டும். வேறெந்த வழியிலும் அது சரிப்படாது. ஈரக் கையோடு அடுக்களைத் தரையில் கோடு கிழித்து, இப்படிப் போனால் இது, அப்படிப் போனால் அது என்று வாய்விட்டே விளக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தறியை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரர் வந்து நின்றார். "யாரோட பேசிக்கினு இருக்கே?"

"யாரோடயும் இல்ல" என்றேன்.

தரையில் போட்ட கோடுகள் காய்ந்துகொண்டிருந்தன. உலை கொதித்தது. அரிசியை எடுத்துப் போட்டேன்.