பந்தயக் காருக்கு ஃபெக்டரிக் குழாய்

தேயிலை ஃபெக்டரி மெஷினையும் பந்தயக் காரையும் ஒரே கராஜில் வைத்து வேலை பார்ப்பது, இரண்டு மாமியாருக்கு ஒரே மருமகளாக வாக்கப்பட்ட கதை. ஒன்று தலைமுறைக்கும் உழைக்க வேண்டும். மற்றது ஒரே ஒரு மேட்டில் பறந்தால் போதும். என்னைப்போல் கையில் கிரீஸோடு சோறு தின்கிற சகாக்களே, இதைப் படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையுங்கள்.

பாரம்

அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஃபவ்ஸி நானா, தன் பழைய காரை மலையேற்றப் பந்தயத்துக்கு மாற்றித் தரச் சொல்லி என் கட்டுகஸ்தோட்டை கராஜுக்குக் கொண்டுவந்தார். இதுவரை ஓடிய எந்தப் பந்தயத்தையும் அவர் முடித்ததில்லை. இந்த முறையும் முடிக்காவிட்டால் காரை விற்றுவிட வேண்டும் என்று அவர் மனைவி ராத்தா கடைசியாகச் சொல்லிவிட்டாராம்.

பின் சீட், கதவு மட்டை, தரை விரிப்பு எல்லாவற்றையும் கழற்றிப் பாரத்தைக் குறைத்தேன். பந்தயச் சட்டப்படி, கவிழ்ந்தாலும் ஓட்டுகிறவர் தலை தப்ப, காருக்குள் இரும்புக் குழாயில் ஒரு கூடு அடிக்க வேண்டும். அங்கேதான் கை பழைய புத்தியைக் காட்டியது. மூடிப்போன ஃபெக்டரி ஒன்றில் வாங்கிய நீராவிக் குழாய் மூலையில் கிடந்தது. அதை வளைத்து, கொழுந்து அரைக்கிற ரோலருக்கு அடிக்கிற மாதிரி தடிப்பாக வெல்டிங் அடித்துவிட்டேன். காரைத் தள்ளிப் பார்த்த நானா மூச்சு வாங்க நின்றார்.

"நான் கேட்டது காரு தம்பி. நீங்க ஃபெக்டரியே கட்டி வெச்சீக்கிறீங்களே!"

ஹேவாஹெட்ட அவசரம்

கூட்டை வெட்டி மாற்றலாம் என்று நினைத்த அன்றைக்கே ஹேவாஹெட்ட தேயிலை ஃபெக்டரியிலிருந்து, அதைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஃபோன். ரோலர் நின்றுவிட்டது, வாடிய கொழுந்து காத்துக் கிடக்கிறது, உடனே வா. மறுநாள் பந்தயம். நான் தப்பி ஓடிவிடுவேன் என்ற பயத்தில் நானாவும் என் வேனில் ஏறிக்கொண்டார். பேரிங் மாற்றி ரோலரைச் சுற்ற விட்டேன். அது ஆடி அசைந்து சுற்றுவதை நானாவால் சகிக்க முடியவில்லை. பெரிய மோட்டார் போட்டு ஸ்பீட் ஏற்றலாமே என்றார். டீமேக்கர் கொழுந்தைக் கிளறிக்கொண்டே சொன்னார்:

"வேகமா சுத்துனா கொழுந்து சூடேறி டீ கெட்டுப்போகுங்க. வேணும்னா உங்க காரைக் கொஞ்ச நாளு இங்கன கட்டிப்போடுங்க, நெதானம் பழகட்டும்."

மேட்டில்

கூட்டை மாற்ற நேரமே கிடைக்கவில்லை. சக்கரங்களுக்கு அடியில் நான் எலுமிச்சம்பழம் வைத்தேன். என் வெல்டர் சுனில், பிக்கு ஓதிக் கொடுத்த பிரித் நூலை ஸ்டியரிங்கில் கட்டினான். நானா துஆ ஓதினார். இத்தனை காவலோடு கிளம்பிய கார், முக்கி முனகி மேடேறியது. முடிவுக் கோடு கண்ணில் பட்டதும் நானாவுக்கு ஆசை வந்துவிட்டது. கடைசி வளைவில் ஒரே மிதி. ஈர மண்ணில் சறுக்கிய கார் கரணம் அடித்து, கூரை கீழாகக் கிடந்தது.

நான் ஓடிய ஓட்டத்தை அந்தக் கார் ஓடியிருந்தால் கோப்பை எங்களுக்குத்தான். கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். கூரைத் தகடு கசங்கியிருந்தது. குழாய் ஓரிடத்திலும் வளையவில்லை. ஜன்னல் வழியாக நானா தவழ்ந்து வந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் கேட்டார்:

"கோட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் தம்பி? தள்ளிக்கிட்டுப் போனா கணக்கில எடுப்பாங்களா?"

ராத்தா வந்தார்

எடுக்கவில்லை. மறுநாள் ராத்தா கராஜுக்கே வந்துவிட்டார். நானா என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். கார் போச்சு என்றே நானும் நினைத்தேன். ராத்தா காரைச் சுற்றி வந்தார். கசங்கிய கூரையைப் பார்த்தார். உள்ளே கையை விட்டுக் குழாயைத் தட்டினார். நானாவின் தலை இருக்கும் இடத்தில் அந்தக் கை அப்படியே நின்றது. அவர் கண் கலங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"காரை விக்க வாணாம். அக்குறணை ரோட்டுல இவர் ஓட்டுற கடை வேனுக்கும் இதே மாதிரி ஒரு கூடு அடிச்சித் தாங்க தம்பி."

என் கராஜிலிருந்து போன ஒரு காரும் இன்றுவரை ஜெயித்ததில்லை, ஆனாலும் பந்தயம் ஓடுகிறவர்களையெல்லாம் அவரவர் வீட்டுக்காரிகளே என்னிடம் அனுப்பி வைக்கிறார்கள்.