மஞ்சளாகிப்போன குடுவை

காலையில் ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் நாங்கள் நுண்ணோக்கியைத் தேடிப் போவோம். எங்களில் மூத்த ஆய்வாளரான அக்கா மட்டும் குடுவையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். உள்ளே இருக்கும் சிவப்புத் திரவத்தில்தான் புற்றுநோய் செல்கள் வளர்கின்றன. அவை சர்க்கரையை அவசர அவசரமாகத் தின்றால் அமிலம் கக்கும், சிவப்பு மஞ்சளாகும். நான் சேர்ந்ததிலிருந்து அவர் வெளியேறும்வரை இந்தப் பழக்கம் ஒருநாளும் தவறியதில்லை.

‘சர்க்கரை அக்கா’ என்றுதான் அவருக்குப் பெயர். “டீயை மறைச்சு வைங்கப்பா, அக்கா வர்றாங்க” என்பான் நெட்டை, எங்கள் சக ஆய்வாளன். அக்காவும் சிரித்துக்கொள்வார். அவர் போட்ட சண்டையெல்லாம் சர்க்கரைக்காகத்தான்.

செல்லுக்குச் சக்தி தருவது அதற்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. புற்றுநோய் செல்லில் அது பழுதாகிக் கிடக்கிறது, அந்தச் செல் சர்க்கரையைப் புளிக்கவைத்தே பிழைக்கிறது என்பது எங்கள் ஆய்வுக்கூடத் தலைவரின் கட்சி. மைட்டோகாண்ட்ரியாவை முடக்கும் மருந்தை ஊற்றிப் பார்த்தார். செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டுரை தயாரானது. குடுவையில் இருந்த சர்க்கரை, மனித ரத்தத்தில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு. அவ்வளவு கிடைத்தால் நல்ல மைட்டோகாண்ட்ரியாவுக்கும் வேலை இருக்காது. அதை அக்காவைத் தவிர யாரும் கூட்டத்தில் பேசவில்லை.

“விருந்துக்கு வந்த மாப்பிள்ளையை உட்கார வெச்சு ஊட்டிவிட்டுட்டு, கை விளங்கலைன்னு சொன்னா எப்படி சார்?”

எல்லாரும் சிரித்தோம். தலைவர் சிரிக்கவில்லை.

ஒரு தையற்காரரின் மனைவி, அறுவை சிகிச்சைக்கு முன், தன் கட்டியின் திசுவை அக்காவுக்குத் தரச் சம்மதித்தார். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். “அதுலேர்ந்து என்ன தெரிஞ்சுதுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்டயாவது வந்து சொல்லிடும்மா.” அக்கா வாக்குக் கொடுத்தார். அந்தச் செல்களை ரத்தத்தின் அளவுச் சர்க்கரையிலேயே வளர்த்து அதே மருந்தை ஊற்றினார். செத்தன. மறுபடி செய்தார். மறுபடியும் செத்தன. நானும் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் அம்மா படுக்கையில் விழுந்தார். அக்கா ஊருக்குப் போன வாரத்தில், அதே சோதனையை நெட்டையைச் செய்து முடிக்கச் சொன்னார் தலைவர். அக்கா திரும்பி வந்தபோது நுண்ணோக்கியைச் சுற்றிக் கூட்டம். செல்கள் கொழுகொழுவென்று இருந்தன. அக்கா குனிந்துகூடப் பார்க்கவில்லை. குடுவையை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். மஞ்சள்.

“இதுல என்னடா ஊத்தினே?”

“செல்லெல்லாம் இளைச்சுப் போயிருந்துச்சுக்கா. பாவமா இருந்துச்சு. பழைய அஞ்சு மடங்கு சர்க்கரை பாட்டில்லேர்ந்து ஊத்திட்டேன்.”

இரக்கப்பட்டிருக்கிறான், புற்றுநோய் மீது. அதைக்கூட மன்னித்துவிடலாம். பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்ட தலைவரைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்னொரு முறை செய்யலாம் என்றார் அக்கா.

“கட்டுரை போயாச்சும்மா. உன் பத்தியச் சாப்பாட்டுக்கெல்லாம் இனிமே இங்க நேரம் இல்லை.”

மிச்சமிருந்த திசு தலைவரின் உறைபெட்டிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. அக்காவின் பணி நீட்டிக்கப்படவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. உண்மை கண்முன் வந்து நின்றால் படித்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று நம்பித்தான் நான் இங்கே வந்தேன். அது என் முட்டாள்தனமா, இவர்களின் அயோக்கியத்தனமா? இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா இப்போது ஒரு மருத்துவமனையில் ரத்தம் எடுத்து, வருகிறவர்களுக்குச் சர்க்கரை அளவு சொல்கிறார். தையற்கடை அந்த வழியில்தான் இருக்கிறது. அக்கா பின்தெருவாகச் சுற்றிப் போகிறார். ஏன் என்று கேட்டேன்.

“மருந்துல செல்லு செத்துதுன்னு சொன்னா, அப்ப அந்த மருந்தை ஏன் குடுக்கலைன்னு கேப்பாரு. தெரியலைன்னு சொன்னா அது பொய்யி. முழுசா முடிச்சுட்டுத்தான் சொல்லணும். எங்க முடிக்க விட்டாங்க?”

போன வாரம் சட்டை தைக்கக் கொடுக்கப் போனேன். இறந்துபோன மனைவியின் தையல் இயந்திரத்தைத் தையற்காரர் இன்னும் அப்புறப்படுத்தவில்லை. நான் எங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் அளவெடுக்கும் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார்.

“அந்தம்மா வந்து சொல்றேன்னாங்களே. எப்ப வருவாங்க?”