நெடிலைச் சுருக்கிய மாத்திரை

இலக்கணத்தில் மாத்திரை என்பது காலத்தின் அளவு. கண் ஒருமுறை இமைக்கும் நேரம், அல்லது விரல் ஒருமுறை நொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மருந்துக்கடையில் அதே சொல்லுக்கு வேறு பொருள். இவ்விரண்டு வகை மாத்திரைகளையும் ஒரே குறிப்பேட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் பதினொரு வாரம் தவறாமல் பதிவு செய்தும், இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒருகணமும் எண்ணாத ஒருவரை நான் அறிவேன். அவர் மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். இதை எழுதுவதும் அவரே.

வீட்டில் என் பெயர் பட்டியல். அக்கா வைத்தது. பள்ளி நாட்களில் தொலைந்துபோன பென்சில்களுக்குத் தேதிவாரியாக ஒரு பதிவேடு வைத்திருந்தேன். பென்சில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. பதிவேடு மட்டும் பத்திரமாக இருக்கிறது. அக்கா பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எந்த நிறுத்தத்தை எத்தனை மணிக்குத் தொட்டது என்ற தாள்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டில் நாங்கள் இருவரும் குடியிருக்கிறோம். அட்டவணை போடுவது குடும்ப நோய் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பது பிறகு தெரிந்தது.

பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையில் நான் ஆய்வு உதவியாளர். பேச்சில் நெடில் உண்மையிலேயே குறிலைப்போல் இருமடங்கு நீள்கிறதா என்று அளப்பது என் பணி. இருபது பேரை ஒலிக்கூடத்தில் அமர்த்தி, தொண்ணூறு சொற்களை வாசிக்கச் செய்து, ஒவ்வோர் உயிரொலியையும் நொடியில் ஆயிரத்திலொரு பங்கு வரை அளந்தேன். கருவி பிசகாமல் இருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே சொற்களை நானே வாசித்தேன். அதாவது, பிறர் மாறக்கூடியவர்கள்; நான் அளவுகோல்.

அளவுகோலின் எடை தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு கிலோ. ஒலிக்கூடத்து நாற்காலி அதை மௌனமாக ஏற்கவில்லை. முதல் பதிவைக் கேட்ட பேராசிரியர், ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் கத்துவது என்ன பறவை என்று விசாரித்தார். நாற்காலியின் திருகாணிக்கு எண்ணெய் விட்டிருக்கலாம். வேறு நாற்காலி கேட்டிருக்கலாம். நன்கு ஆராய்ந்தபின், எடையைக் குறைப்பது என்று முடிவு செய்தேன்.

மருந்துக்கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. கண்ணாடி மேசைமீது மூன்று டப்பாக்களை வரிசையாக வைத்து, ஒன்றைத் தட்டிக் காட்டினார். உண்ணும் கொழுப்பை உடம்பில் சேரவிடாதாம். "தைரியமாச் சாப்பிடுங்க தம்பி. ஆனா வெளிர் கலர் பேன்ட் மட்டும் போடாதீங்க," என்றார். பருமனாக இருப்பவர்களுக்கு அடர்நிறம் எடுப்பாக இருக்கும் என்ற அக்கறையில் சொல்கிறார் என்று எண்ணி, அதை 'பிற குறிப்புகள்' என்ற தலைப்பின்கீழ் எழுதிக்கொண்டேன். பத்தாம் நாள், துறைக் கூட்டத்தின் நடுவில், சந்தன நிறக் கால்சட்டையில் அமர்ந்திருந்தபோது அந்தக் குறிப்பின் உட்பொருள் எனக்கு விளங்கியது. உடம்பில் சேராத கொழுப்பு வேறெங்காவது போய்த்தானே ஆக வேண்டும். கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். நான் மட்டும் ஏதோ எழுதுவதுபோல் முக்கால் மணி நேரம் எழாமல் இருந்தேன். கூட்ட அறை நாற்காலி மட்டும் கிரீச்சிடவில்லை. எண்ணெய் கிடைத்த திருப்தி போலும்.

நான்காம் வாரம் டப்பாவை மாற்றினேன். இந்த முறை கொழுப்பை எரிக்கும் வகை. காலை உணவுக்கு முன் ஒன்று என்று எழுதியிருந்தது. பசி போயிற்று. கூடவே தூக்கமும் போயிற்று, வாய் உலர்ந்தது, படியேறினால் நெஞ்சு மேளம் கொட்டியது. எடை இறங்கியதால் இவையெல்லாம் எரிவதன் அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். எடை இறங்குவது நின்றதும் இரண்டு விழுங்கினேன். எட்டாம் வாரம் மூன்று. குறிப்பேட்டில் இரண்டுக்கு நெடில் என்றும் மூன்றுக்கு அளபெடை என்றும் பெயரிட்டேன். அப்போது அது எனக்குப் பெரிய நகைச்சுவையாகத் தோன்றியது.

இதே வாரங்களில்தான் குறிப்பேட்டின் வலப்பக்கத்தில், ஒலி அளவுகளின் பக்கத்தில், ஓர் அதிசயம் நிகழ்ந்தது. என் நெடில்கள் குறுகத் தொடங்கின. நூற்றெழுபத்திரண்டு மில்லிநொடியிலிருந்து நூற்றைம்பத்தொன்று, பிறகு நூற்று நாற்பது, பிறகு நூற்று இருபத்தெட்டு. குறில்கள் அவ்வளவாக அசையவில்லை. கருவியை இருமுறை சோதிக்கச் சொன்னேன், பழுதில்லை. பழுது கருவியில் இல்லையென்றால் மாற்றம் மொழியில்தான் என்று தெளிந்தேன். பிறருடைய வேகமான பேச்சை நாள்தோறும் காதில் மாட்டிக் கேட்பவனின் நெடில் அவனறியாமல் சுருங்குகிறது: இதுவே என் கண்டுபிடிப்பு. பேராசிரியர் வியந்துபோனார். அடுத்த ஆண்டுக்கு முனைவர் பட்ட இடம் ஒன்றுதான் இருந்தது. போட்டியில் இருவர். புதன்கிழமைக் கருத்தரங்கில் இதை நிறுவிக் காட்டினால் இடம் எனக்குத்தான் என்பதை அவர் ஏறக்குறையச் சொல்லியே விட்டார்.

ஞாயிறு பிற்பகல் அக்காவை அமரவைத்து ஒத்திகை பார்த்தேன். நாற்பது நிமிட உரை. முடித்தபோது அவள் கடிகாரத்தைக் காட்டினாள். இருபத்து மூன்று நிமிடம்.

"எந்த பஸ்ஸைப் பிடிக்கடா இந்த ஓட்டம்?" என்றாள். "ஒரு மாசமா நீ என்னை அக்கான்னு கூப்பிடுறதே இல்ல. அக்க, அக்கன்னு பாதியில நிறுத்திடுற."

நான் உடனே குறிப்பேட்டை எடுத்து, 'சொல்லிறுதி நெடிலும் குறுகுகிறது. வீட்டார் சான்று' என்று எழுதினேன். கை நடுங்கியதால் எழுத்து கோணியது. அக்கா குறிப்பேட்டைப் பிடுங்கினாள். வலப்பக்கத்தை மேலிருந்து கீழாக விரலால் தடவினாள். பிறகு இடப்பக்கத்தை. வாரத்துக்கு வாரம் இரு விரல்களையும் சேர்த்து நகர்த்தினாள். பணிமனையில் தாள் பார்க்கும் முறையே அதுதான்.

"இது என்னடா, மாத்திரை ஒன்னு, ரெண்டு, மூனு?"

எடைக்கு என்றேன். கடையிலேயே கொடுக்கிறார்கள், பயமில்லை என்றேன்.

"ஒரு வண்டி எல்லா ஸ்டாப்புக்கும் முன்னாடியே வந்து நின்னா, ரோடு சுருங்கிடுச்சுன்னு நாங்க எழுத மாட்டோம்டா பட்டியல். டிரைவர் விரட்டுறான்னு எழுதுவோம்." குறிப்பேட்டை என் மடியில் வைத்தாள். "விரட்டுறது நீதான்."

கருவி, மொழி என்று இரண்டையும் சந்தேகித்த நான், அளவுகோலைச் சந்தேகிக்கவே இல்லை. நான்காம் வாரம் முதல் இரு பக்கங்களும் கைகோத்து நடந்திருந்தன. மறுநாள் காலை மருத்துவர் நாடியைப் பிடித்தார். நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு. டப்பாவின் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடியால் படித்துவிட்டு, இந்த நெஞ்சைக் கொண்டு மாடிப்படி ஏறியதே பெரிது என்றார். டப்பா அவருடைய குப்பைக்கூடையிலேயே தங்கிவிட்டது.

மருத்துவரிடமிருந்து துறைக்கு நடந்த இருபது நிமிடமும் எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. வலப்பக்கத்து எண் ஒன்றுகூடப் பொய்யில்லை. இடப்பக்கத்தை யாரும் கேட்கப்போவதில்லை. புதன்கிழமை ஒருநாள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆனால் உரை நிகழ்த்துகிறவன் வாயைத் திறக்காமல் இருப்பது எப்படி? அதைவிட, ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பதிவேட்டை வைத்திருப்பது என்னால் ஆகாத காரியம். பென்சில்கள் தொலைந்தபோதே ஆகவில்லை.

பேராசிரியரின் மேசைமீது குறிப்பேட்டை இரு பக்கமும் தெரியும்படி விரித்து வைத்தேன். அவர் இரு பக்கங்களையும் வாரவாரியாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

"புதன்கிழமை உங்க நேரம் அப்படியேதான் இருக்கு," என்றார். "இதையே காட்டுங்க. ரெண்டு பக்கத்தையும்."

காட்டினேன். அளபெடை என்ற சொல் திரையில் வந்தபோது கடைசி வரிசைவரை சிரிப்பு போயிற்று. என் போட்டியாளரும் சிரித்தார். அவருக்குச் சிரிக்கக் காரணம் கூடுதலாக இருந்தது. இடம் அவருக்குப் போயிற்று. என்னை உதவியாளராக மேலும் ஓராண்டு வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க வேண்டுமானால் என் பதிவுகள் அனைத்தையும் மறுபடி எடுக்க வேண்டும். இப்போது என் நெடில் நூற்றெழுபதுக்குத் திரும்பியிருக்கிறது. எடையும் விசுவாசமாகத் திரும்பி, தொண்ணூறு புள்ளி ஒன்பதில் நிற்கிறது. ஒலிக்கூட உதவியாளர் நாற்காலியின் திருகாணியை ஒரு நிமிடத்தில் முடுக்கிவிட்டார். அவர் ஐம்பது கிலோதான். அதுவரை அவர் உட்கார்ந்தாலும் அது கத்திக்கொண்டுதான் இருந்ததாம்.

பேசுவோர் விவரப் படிவத்தைத் திருத்தும் பொறுப்பையும் பேராசிரியர் எனக்கே தந்தார். 'கடந்த பத்து நாளில் உட்கொண்ட மாத்திரைகள், எண்ணிக்கையுடன்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். புதிய படிவத்தில் முதல் பெயர் என்னுடையது. அந்த வரியில் சுழியம் இட்டேன். இரண்டாவதாக வந்தவர் ஒரு தமிழாசிரியை. எல்லாக் கட்டங்களையும் பொறுமையாக நிரப்பியவர், கடைசி வரியை அவசரத்தில் சரியாகப் படிக்கவில்லை போலும். அழகான கையெழுத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு.'

அன்று மாலையே படிவத்தில் மாத்திரை என்பதை அடித்துவிட்டு மருந்து என்று திருத்தினேன். அவருடைய தாளைக் கோப்பில் அப்படியே வைத்திருக்கிறேன்.