சாகும் வீரனின் முன்கை

என் தம்பி சினிமாவில் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். கோட்டை வாசலில் நிற்கும் கூட்டம், கல்யாணப் பந்தியில் சாப்பிடும் கூட்டம், போரில் சாகும் கூட்டம் இவற்றில் ஒருவன். நான் தொம்மலூரில் இருக்கிறேன். அவன் மனைவியோடு அதே நகரத்தில் நீலசந்திராவில் இருக்கிறான். கல்யாணத்துக்கு முன்பே, தனக்குப் பிடித்த கன்னட நடிகரின் பெயரை வலது முன்கையில் பெரிய கன்னட எழுத்துகளில் பச்சை குத்திக்கொண்டான். மனைவியின் பெயர் அவன் உடம்பில் எங்கும் இல்லை.

அந்த நடிகரை நாடு முழுக்கத் தெரியும். பாதிப் பேர் கும்பிடுகிறார்கள், மீதிப் பேர் திட்டுகிறார்கள். இந்தப் பக்கத்துப் பழைய குறுநில மன்னன் ஒருவனின் வம்சத்தில் தான் வந்ததாக ஒரு மேடையில் சொன்னார். ஆதாரம் கேட்டவர்களைத் தேசத்துரோகிகள் என்றார். பிறகு அந்த மன்னனாகவே நடித்தார். உண்மையான மன்னன் சண்டையே போடாமல் கப்பம் கட்டித் தலை தப்பியவன். படத்தில் அவன் ஜெயிக்கிறான்.

போர்க்காட்சியில் தம்பி எதிரிப் படையின் கடைசி வரிசை. கூட்டத்துக்கு மேக்கப் என்பது, ஒருவர் வாளியில் சேற்றுக் குழம்போடு வந்து, ஸ்பாஞ்சை முக்கி, எல்லோர் மேலும் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போவதுதான். பச்சை, தடுப்பூசித் தழும்பு, மோதிரத் தடம் எல்லாம் அதில் மறைந்துவிடும். அன்று நடிகர் கையால் வெட்டுப்பட உயரமான ஆள் தேவைப்பட்டதால் தம்பியை முன்னால் இழுத்து நிறுத்தினார்கள். காட்சி நன்றாக வந்தால் அடுத்த படத்திலிருந்து முன்வரிசை என்று, ஆள் அனுப்பும் ஏஜென்ட் சொல்லியிருந்தார். முன்வரிசைக்காரர்களுக்கு வேலை தொடர்ந்து கிடைக்கும். தம்பி பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

காமிராவைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில், குடிக்கக் கொடுத்த தண்ணீரை ஊற்றி முன்கைச் சேற்றைக் கழுவிவிட்டான். வெட்டக் குனியும்போது நடிகர் தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்பது அவன் எண்ணம்.

“பாத்தாரு அக்கா. கண்ணாலயே சிரிச்சாரு” என்று அன்று சாயங்காலம் போனில் சொன்னான்.

படம் வெளிவந்ததும் நான், தம்பி, அவன் மனைவி மூவரும் போனோம். தம்பி திரையில் பெரிதாகச் செத்தான். கைதட்டினோம். கையைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பார்த்துப் பழகிய கை. அந்த வாரமே வடக்கே யாரோ காட்சியை நிறுத்திப் பெரிதாக்கிவிட்டார்கள். பல நூறு வருடத்துக்கு முந்தைய எதிரிச் சிப்பாயின் கையில், மன்னனாக நடிப்பவரின் பெயர். நடிகரைப் பிடிக்காதவர்களுக்கு அது பண்டிகை. அவருடைய எதிரிகளும் அவர் ரசிகர்கள்தான் என்று எழுதினார்கள். தம்பியின் முகம் எல்லா மாநிலத்துப் போன்களிலும் வாயைப் பிளந்து செத்துக்கொண்டே இருந்தது.

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது டெல்லிக்காரப் பெண் அதைக் காட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தெற்கில் வரலாறு என்றால் இவ்வளவுதான் என்றார் கொல்கத்தாக்காரர். அந்த மன்னன் கப்பம் கட்டியவன் என்று நான் சொன்னேன். அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கை என் தம்பியுடையது என்றேன். டெல்லிக்காரப் பெண் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, அடுத்த டீம் அவுட்டிங்குக்கு அவனைக் கூட்டிவர முடியுமா என்று கேட்டாள். கேலிக்காகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஆசையாக இருந்தது.

நடிகர் ஒரு வடநாட்டுச் சேனலில் உட்கார்ந்தார். வரலாற்றுத் துல்லியம் பற்றிக் கேட்டார்கள். கேள்வி முழுக்கக் கையைப் பற்றித்தான். “கூட்டத்துக்கு வருகிறவர்கள் பிரியாணிக்காக வருகிறார்கள். ஒவ்வொருவனையும் நான் தேய்த்துக் குளிப்பாட்டியா நிறுத்த முடியும்?” என்றார். அரங்கம் சிரித்தது. கப்பத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. தம்பி அதைத் தன் போனில் திரும்பத் திரும்பப் பார்த்தான். இந்தி அவனுக்கு அரைகுறை, பிரியாணி புரிந்தது.

தவறு தன்னுடையது மட்டுமே என்று தம்பியை வீடியோ கொடுக்கச் சொன்னார்கள் படக் கம்பெனிக்காரர்கள். கன்னடத்தில் கொடுத்தான். இந்தியிலும் வேண்டும் என்றார்கள். இந்தி வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்தான். அந்த உச்சரிப்புக்கு இன்னொரு சுற்று சிரித்தார்கள். மன்றத்து உறுப்பினர்களின் முகங்கள் இருந்த தெருமுனை பேனரில், ரசிகர் மன்றத்தினர் அவன் முகத்தின் மேல் வேறொருவன் முகத்தை ஒட்டினார்கள்.

பெயரை அழித்துவிட்டு வா, வேலை தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னார். லேசரில் எடுக்கப் பல மாதமாகும் என்றார்கள். அதனால் பச்சை குத்துபவனிடமே போய், எழுத்துகளின் மேல் ஒரே கறுப்பாக நிரப்பிக்கொண்டான். கை வீங்கிச் சீழ் வைத்தது. மனைவிதான் வெந்நீரில் துடைத்துவிட்டாள்.

“என் பேரைக் குத்தியிருந்தா எவன் ஜூம் பண்ணிப் பாத்திருக்கப் போறான்” என்றாள், துடைத்துக்கொண்டே.

இதற்குள் படம் ஓடிடியில் வந்தது. தம்பியின் முன்கையில் தோல் கவசம் ஒன்றைக் கணினியில் வரைந்து சேர்த்திருந்தார்கள். அந்தக் காலத்துக் கவசத்தைச் சரியாகக் காட்டியிருப்பதாக ஒரு மும்பை விமர்சகர் பாராட்டியிருந்தார்.

புண் ஆறியதும் தம்பி ஏஜென்டைப் பார்க்கப் போனான். அன்று நான் நீலசந்திராவில்தான் இருந்தேன். திரும்பி வந்தவன் உட்கார்ந்து, ஏஜென்ட் பேசியதை அவர் குரலிலேயே சொன்னான்.

“கும்பல்ல நிக்கறவனுக்கு மூஞ்சி இருக்கக் கூடாதுப்பா. உன்னை எங்க நிக்க வச்சாலும் ஜனம் உன்னத்தான் பாக்கும். கை இல்ல இப்போ பிரச்சனை.”

சொல்லி முடித்தபோது அவன் முகத்தில் லேசாக ஒரு பெருமிதம் இருந்தது.

“இந்தியா பூரா தெரியுதாம் அக்கா, என் மூஞ்சி.”

“அப்போ நாளைக்கு வேலை?” என்றாள் அவன் மனைவி.

“இல்லையாம்” என்றான்.