பாண்டிச்சேரி ஒயின் கடையில் ஒரு மடக்கு

எனக்கு யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற வழக்கம் இல்லை. பஸ்ஸில் சிரித்துப் பேசுகிறவனைக் கண்டால் பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன். அதனால்தானோ என்னவோ, எண்பதுகளின் நடுவில் தங்கைக்கு வரன் பார்க்க எங்கள் கிராமமான இண்டூரிலிருந்து என்னை மட்டும் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். அப்பா குடித்தே செத்தவர். "குடிக்காதவனா இருந்தா போதும்ணா. வேற எதுவும் நான் கேக்கல" என்றாள் தங்கை. அம்மாவின் கவலை வேறு. "பேச்சு முடியற வரைக்கும் அங்க கை நனைச்சிராத." எங்கள் பக்கம் சம்பந்தம் பார்க்கப் போன வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் சம்மதித்ததாக அர்த்தம்.

மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் முன்னறையில் நாலு மேசை போட்டு ஒயின் கடை வைத்திருந்தார். கடையைக் கவனித்துக்கொண்டது மாப்பிள்ளைதான். அவன் குடிக்கமாட்டான் என்று தரகர் சொன்னதை நான் எப்படி நம்புவது?

சாயங்காலம் போய், பெண்ணோட அண்ணன் என்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்தேன். பென்ஷன்காரக் கிழவர்கள் சாவகாசமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் சாராயக் கடையில் இந்நேரத்துக்கு இரண்டு பேராவது வேட்டி அவிழ்ந்து கிடப்பார்கள். இங்கே சத்தமே இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. மாப்பிள்ளை ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து வைத்தான். மூன்று வகை சீஸ், அதில் ஒன்றில் நீலமாகப் பூசணம். பக்கத்தில் மெல்லிசாகச் சீவிய உப்பு இறைச்சி. எந்த மிருகம் என்று கேட்க வாய் வரவில்லை.

"பூசணத்தோடதான் சாப்பிடணுங்க" என்றான். பெண் கொடுக்க வந்தவனுக்கு ஊசிப்போனதைத் தருகிறானே என்று கோபம் வந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

என் கண்ணெல்லாம் அவனுடைய தம்ளரில்தான். ஒவ்வொரு மேசைக்கும் ஊற்றிவிட்டு வந்து, கல்லா மேல் வைத்திருந்த கண்ணாடித் தம்ளரிலிருந்து ஒரு மடக்கு குடிப்பான். பார்க்கத் தண்ணீர் போல இருந்தது. சாராயமும் அப்படித்தானே இருக்கும்? அப்பாவும் தண்ணீர் என்றுதான் சொல்வார். அவன் பாட்டில் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, எழுந்துபோய் தம்ளரை மோந்து பார்த்தேன். கடை முழுக்க சீஸ் நாற்றம், ஒன்றும் பிடிபடவில்லை. ஒரே மடக்காகக் குடித்துவிட்டேன்.

வெறும் தண்ணீர்.

நிமிர்ந்தால் உள்வாசலில் அவன் அம்மா. எங்கள் ஊருக்குக் கிட்டே பொம்மிடிப் பக்கம் பிறந்து பாண்டிச்சேரியில் வாழ்க்கைப்பட்டவர், எங்கள் வழக்கம் எல்லாம் தெரிந்தவர்.

"கை நனைச்சிட்டீங்களே தம்பி" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "அப்பச் சம்மதம்தானுங்க?"

திருட்டுத்தனமாகக் குடித்தவன் என்ன பேச முடியும்? தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலை, பல்கூடத் துலக்காமல் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தங்கை மட்டும் கிட்டே வந்தாள்.

"தண்ணிதானாண்ணா?"

"சத்தியமா தண்ணிதான்."

அவள் நம்பவில்லை. சின்ன வயதில் அப்பாவிடம் செய்தது போலவே என் மோவாயைப் பிடித்து, "எங்க, ஊது" என்றாள்.

ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "சரின்னு சொல்லிரும்மா" என்றாள்.