அழ வைக்கிற படம்

கடலூரில் எங்கள் சபையில் வருடா வருடம் மிஷனெரி ஞாயிறு அன்று மாலையில் ஒரு படம் போடுவார்கள். எந்தப் படம் என்று முடிவு செய்யும் குழுவில் நானும் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் என்பதால், தமிழில் இல்லாத படங்களுக்குக் கதை சொல்வது என் வேலை.

அந்த வருடம் சபைச் செயலாளர் வீட்டு ஹாலில் இரண்டு படங்கள் பார்த்தோம். ஒன்றில் ஒரு மிஷனெரி மலைவாசிகளின் பேச்சைக் கற்றுக்கொண்டு, அதற்கு எழுத்து உண்டாக்கப் பாடுபடுகிறார். எனக்கு அது பிடித்திருந்தது. செயலாளர் பாதியிலேயே கொட்டாவி விட்டார். இன்னொன்றில் மிஷனெரியின் குழந்தை காட்டில் காய்ச்சல் வந்து இறந்துபோகிறது. தாய் அதை மடியில் கிடத்திக்கொண்டு, சிரித்த முகத்தோடு ஸ்தோத்திரப் பாட்டுப் பாடுகிறாள்.

“இதாம்மா படம். ஜனங்க அழுதாத்தான் படம் பாத்த மாதிரி இருக்கும்” என்றார் செயலாளர்.

“இது வேணாம் சார். சிதம்பரத்து அக்கா அன்னைக்கு வருவாங்களே.”

அந்த அக்கா எங்கள் சபையில் வளர்ந்தவர். கல்யாணமானதும் கணவரோடு வடக்கே மிஷனெரி ஊழியத்துக்குப் போனார். மகளை அங்கேதான் புதைத்தார். நோயாளியாகத் திரும்பிவந்த கணவரும் இறந்தபின், சிதம்பரத்தில் ஒரு ஹாஸ்டலில் வார்டனாகச் சேர்ந்தார். மிஷனெரி ஞாயிறுக்கு மட்டும் தவறாமல் கடலூர் வருவார்.

“அவுங்களுக்கு ஆறுதலாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுச் செயலாளர் டிவியை அணைத்தார்.

நான் சிதம்பரம் போய், படத்தில் என்ன வருகிறது என்று அக்காவிடம் சொன்னேன். வர வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

“படந்தானே? வர்றேன். வரலன்னா அதுக்கும் பேசுவாங்க.”

வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் தாய் பாடத் தொடங்கியதும் ஹால் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். அக்கா அழவில்லை. குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கைப் போட்டதும் செயலாளர் மைக்கைப் பிடித்தார். “நம்ம மத்தியிலயே இப்பிடி ஒரு தாய் இருக்காங்க. அவுங்க வந்து சாட்சி சொல்லுவாங்க.”

இதை முன்கூட்டி அக்காவிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. கை தட்டினார்கள். அக்கா எழுந்து மைக் முன்னால் போனார்.

“எம்பொண்ணு செத்தப்ப நான் பாடல” என்றார். “கத்துனேன். காய்ச்சல் கண்டதுமே ஆஸ்பத்திரிக்குப் போவ மிஷன்ல ஜீப்பு கேட்டோம். ஜீப்பு இருந்துச்சு. ஊழியத்தப் படம் புடிக்க வந்தவங்களுக்கு ஊரச் சுத்திக்காட்டப் போயிருந்துச்சு...”

செயலாளர் பாடகர் குழுவுக்குக் கண் காட்டினார். கீபோர்டு முழங்கியது. மைக்கை அணைத்துவிட்டார்கள். அக்காவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அழுது ஈரமான முகங்களோடு எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள்.

டீ கொடுக்கிற இடத்தில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்காவிடம் வந்தார். “படத்துல வர்ற தாய் மாதிரி புள்ளய ஆண்டவருக்குச் சந்தோஷமா ஒப்புக்குடுத்திருந்தீங்கன்னா, இவ்ளோ கசப்பு வந்திருக்காது சிஸ்டர்.”

“அவ நடிக்கிறவம்மா. ஷூட்டிங் முடிஞ்சதும் அந்தப் புள்ள எந்திரிச்சு வூட்டுக்குப் போயிருக்கும்.”

அந்த அம்மா திரும்பிப் போகும்போதே, பக்கத்தில் வந்தவளிடம் எங்கள் காதில் விழும்படி சொன்னார்: “புள்ளயப் பறிகுடுத்தும் வாய் அடங்கல பாரு.”

மறுவாரம் நான் குழுவிலிருந்து விலகுவதாகச் சொன்னேன். “சரிம்மா” என்றார் செயலாளர். ஏன் என்று கேட்கவில்லை. படம் நன்றாக இருக்கிறது என்ற பேச்சு பரவி, சபை சபையாகக் கேட்டு வாங்கிப் போட்டார்கள். கடைசியில் சிதம்பரத்தில் அக்கா போகும் சபைக்கும் அது போய்ச் சேர்ந்தது. அங்கிருந்த போதகர் அவருக்குப் போன் செய்து, “அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க வராம இருந்தா நல்லது சிஸ்டர்” என்றாராம்.

இதை அக்காவே எனக்குப் போனில் சொன்னார். அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“பாட்டுச் சத்தம் ஹாஸ்டல் வரைக்கும் கேட்டுச்சு. கதவச் சாத்திட்டு உக்காந்து சாப்புட்டேன்” என்றார்.